மரியாதை வரிசையில் வந்த தண்ணீர்

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு ஏரித் தண்ணீரைப் பங்கு போடத் தெரியாது. கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அந்தப் பங்குனியோடு தீர்ந்துவிட்டது. இப்போது அவர்களில் யாராவது எதிரே வந்தால், வழியில் படுத்திருக்கும் எருமையைச் சுற்றிக்கொண்டு போவது போலப் போய்விடுகிறேன். எருமையிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அச்சரப்பாக்கம் ரோட்டிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். நான் பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாக விழுந்தால் ஏரி நிரம்பி, சம்பாவுக்கும் கொடுத்து, அதன் பிறகு நவரைப் பயிருக்கும் பங்குனி வரை கொடுக்கும். தெற்கு மதகிலிருந்து இறங்குகிற கால்வாயில் பதினோரு கழனிகள். கால்வாய் முடிகிற இடத்தில், கடைசி மடையில் இருப்பது என்னுடையது. அம்மா வீட்டார் எனக்கு எழுதிக் கொடுத்தது. புருஷன் வீட்டு மண் ஒரு கூடை கூட அதில் கிடையாது. இதை எல்லோரிடமும் அடிக்கடி சொல்லி வைப்பேன், ஏனென்றால் அவர்களுக்கு அடிக்கடி மறந்து போகும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, என் கழனிக்கான தண்ணீர் முறையைக் கொழுந்தன் தன் முறையோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தார். பொம்பளை மதகண்டை போய் நிற்கக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு. நாற்று நடலாம், களை எடுக்கலாம், இடுப்பு ஒடிய அறுக்கலாம்; தண்ணீரை மட்டும் ஆண்பிள்ளை வாயால்தான் கேட்க வேண்டும். கொழுந்தன் கழனி கால்வாயின் தலைப்பில், மதகை விட்டு இறங்கினதும் வருவது. என்னுடையது கோடியில். அவர் தன் கழனிக்குத் திருப்தியாகப் பாய்ச்சிவிட்டு, மிச்சத்தை 'அண்ணிக்குப் போவட்டும்' என்று திருப்பிவிடுவார். ஏரி நிறைந்திருக்கும் தை மாதத்தில் மிச்சம் என்று ஒன்று இருக்கும். மாசி பாதிக்கு மேல் மிச்சத்துக்கு எங்கே போவது? இரண்டு வருஷம் நவரை என் கண்ணெதிரே காய்ந்தது. அவர் வரப்பில் நின்று உச்சுக் கொட்டினார். உச்சுக் கொட்டுவதில் அவருக்கு ஈடு யாரும் கிடையாது.

என் மகனுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் ஆபீஸ். பக்கத்திலேயே அடுக்குமாடியில் வீடு வாங்கியிருந்தான். கழனியைச் சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டு என்னோடு வந்து இரு என்று ஒவ்வொரு போனிலும் சொல்லுவான். சித்தப்பாவும் விலை பேசத் தயாராக இருந்தார். காய்ந்த கழனிக்குக் காய்ந்த விலை. மகன் சொல்கிறானே என்று ஒரு தடவை போய் நாலு நாள் இருந்து பார்த்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது எந்த ஊர்த் தண்ணீர் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. லாரியில் வருகிறதாம். லாரிக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். வந்துவிட்டேன்.

மூன்றாவது வருஷம் நடவு முடித்த அன்று, மகனையும் கொழுந்தனையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னேன். இந்த நவரையில் நெல் வீட்டுக்கு வரவில்லையென்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நாவலூருக்கு வந்துவிடுகிறேன். நெல் வந்துவிட்டால், நான் சாகிற வரை இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. மகன் சரி என்றான். கொழுந்தன் அவனைவிட வேகமாகச் சரி என்றார். தண்ணீர் முறை அவர் கையில் அல்லவா இருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் ஏரிக்கும் சங்கம் வந்தது. இனிமேல் பாசனக்காரர்களே முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து, அம்மன் கோயில் வாசலில் ஷாமியானாவின் கீழே நின்று சொன்னார். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சங்கத்தில் உறுப்பினர் என்று சட்டமாம். அதனால் ஷாமியானா ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பிவிட முடியவில்லை.

அதிகாரி நல்ல மனுஷன். வேர்த்து வழிந்துகொண்டே புரியும்படியாகத்தான் சொன்னார்.

"மேல் மடையிலேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா கீழ போங்க. இல்லன்னா கீழேர்ந்து மேல வாங்க. எதுவானாலும் வரிசையாப் போங்க. நடுவுல தாண்டித் தாண்டிப் போனீங்கன்னா பாதித் தண்ணி கால்வாய்க்கே போயிடும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவர் போண்டா தின்று, டீ குடித்து, ஜீப் ஏறினார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்கவில்லை, இவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

மேலிருந்து தொடங்கினால் முதல் முறை என் கொழுந்தனுக்கு வரும். பெரிய வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஆடியில் கூழ் வார்க்கும்போது அம்மன் கழுத்திலிருந்து எடுக்கிற மாலை முதலில் அவர் கழுத்துக்குத்தான் போகும். இரண்டாவது மாலைதான் கொழுந்தன் வீட்டுக்கு. அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு, இன்னாருக்குப் பிறகு இன்னார் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்காக மண்டை உடைந்த கதையெல்லாம் உண்டு.

"கோயில்ல எனக்கு அப்பறம் வாங்குறவன், கால்வாயில எனக்கு முன்னாடி வாங்குவானா? நல்லா கீதே நாயம்."

"அப்ப கீழேர்ந்து வரலாம்பா" என்றார் யாரோ.

"கீழேர்ந்துன்னா மொத மடை யாரோடது? தோ குந்திகினு கீதே, அந்தம்மாவோடது. பொம்பள மடைலேர்ந்து முறை ஆரம்பிச்சா சுத்துப்பட்டு ஊரே சிரிக்கும்யா."

நான் சிரித்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பொழுது சாய்கிற வரை கத்திவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேலிருந்தும் வேண்டாம், கீழிருந்தும் வேண்டாம். கோயிலில் மாலை வாங்குகிற வரிசை எதுவோ அதுவே தண்ணீருக்கும் வரிசை. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இந்த யோசனை தோன்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதைக் கேட்டுக் கை தட்டினார்கள்.

அதோடு நிறுத்தினார்களா என்றால் இல்லை. மதகு திறந்து மூடுகிற ஆளை எங்கள் பக்கம் நீர்க்கட்டி என்போம். அவர் ஊருக்குக் கூலி ஆள். ஒரு வீட்டுக்காரர் மடையைக் கூலி ஆள் வந்து அடைத்தால் அவமானமாம். அதனால் முறை நேரம் முடிந்தாலும், அடுத்த முறைக்காரர் தாமே மண்வெட்டியோடு வந்து 'வாங்கிக்கினேன்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் முந்தினவர் மடையை அடைக்கலாம். அவர் வராத வரை தண்ணீர் முந்தினவருக்கே. இதற்கும் எல்லோரும் கை தூக்கினார்கள்.

கொழுந்தனின் மருமகன் அணுபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவர். அவர் இந்த வரிசையைக் கம்ப்யூட்டரில் அடித்து, ஆளுக்கு அரை நாள் என்று கட்டம் போட்டு, மேலே கண்ணாடிக் காகிதம் ஒட்டிக் கொண்டுவந்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் பார்த்தேன். கொழுந்தன் பேருக்குப் பக்கத்தில் 'மற்றும் அண்ணி' என்று போட்டிருந்தது. என் பேர் இல்லை.

கட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தையில் வருகிற தண்ணீரும் பங்குனியில் வருகிற தண்ணீரும் அந்தக் கட்டத்துக்கு ஒன்று. ஏரி நிறைந்திருக்கும்போது மதகின் திருகை நாலு சுற்று சுற்றினால் தண்ணீர் முட்டிக்கொண்டு வரும். ஏரி இறங்க இறங்க, அதே நாலு சுற்றுக்குப் பாதி வரும், பிறகு கால் வரும், அப்புறம் கிழவன் வாயில் எச்சில் ஒழுகுகிற மாதிரி வரும். அதிலும் எங்களுடையது மண் கால்வாய். ஒரு நாள் காய்ந்து கிடந்தால் போதும், தான் குடித்துத் தீர்த்த பிறகுதான் கழனிக்குக் கொடுக்கும். இது மருமகனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர் கால்வாயைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தவர். அதன் கரையிலேயே பிறந்து, அதிலேயே கால் கழுவி வளர்ந்த பத்துப் பேருக்கும் தெரியாமல் போனதே, அதற்கு என்ன சொல்வது?

முதல் முறை பெரிய வீட்டுக்காரருக்கு. அவர் கழனி என் கழனிக்கு நேர் மேலே, கிட்டத்தட்ட கோடியில். அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி, மடை வாயில் கற்பூரம் கொளுத்தி, குடை பிடித்துக்கொண்டு நின்றார். மேளம் மட்டும்தான் வைக்கவில்லை. காலையில் மதகைத் திறந்தார்கள். வழியெல்லாம் நண்டு வளை குடித்தது, எலி வளை குடித்தது, வெடிப்பு குடித்தது. அவர் கால் நனைகிற நேரத்துக்கு அரை நாள் முடிந்துவிட்டது. தலைப்பில் என் கொழுந்தன் மண்வெட்டியோடு வந்து, "வாங்கிக்கினேன்" என்று கத்தினார். அவ்வளவுதான், தண்ணீர் மேலேயே நின்றுவிட்டது.

"இன்னாடா இது தண்ணி, நாய் நக்குன மாரி?" என்று பெரிய வீட்டுக்காரர் நீர்க்கட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"கால்வா குடிச்சிடிச்சிங்க. மொத தண்ணிய அதுதான் குடிக்கும். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அவருக்குக் கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, கரண்டுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அதனால் கழனி காயவில்லை, முகம்தான் காய்ந்தது. அதற்காக முதல் முறையை விட்டுக் கொடுத்தாரா? அடுத்த சுற்றிலும் அதே வெள்ளை வேட்டி, அதே குடை, அதே வறண்ட கால்வாய்.

எனக்குக் கிணறு கிடையாது. வெட்டிப் பார்த்ததில் பாறைதான் வந்தது. கொழுந்தன் தன் அரை நாளில் தன் கழனியை நிரப்பிவிட்டு, எனக்கென்று திருப்பிவிட்ட தண்ணீர் நடு வழிக்கு வருவதற்குள் மூன்றாவது மாலைக்காரர் மண்வெட்டியோடு நின்றார். இரண்டு சுற்றிலும் இதே கதி. என் பயிரின் நுனி மஞ்சளாகத் தொடங்கியது.

நான் அடுத்த கூட்டத்தில் எழுந்தேன்.

"எனக்குத் தனி முறை வேணும். கடைசி முறை குடுங்க."

கொழுந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அண்ணி, குந்துங்க. நம்ம வூட்டுக்கு ரெண்டாவது மாலை. நீங்க போயி பதினோராவதா நின்னா ஜனங்க இன்னா பேசும்?"

"ஒங்க வூட்டு மாலைய யாரு கேட்டா தம்பி? நான் தண்ணிதானே கேட்டேன்."

பெரிய வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "குடுத்துடுப்பா. எல்லாருக்கும் கீழ நிக்கணும்னு அதுக்கு ஆசயா கீது. நம்மளுக்கு இன்னா பேஜாரு?"

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். தன் மானத்தைத் தானே இறக்கிக்கொள்கிற பொம்பளை என்று சிரித்தார்கள். மானம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு நேரமில்லை. பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

நான் எதற்குக் கேட்டேன் என்றால், கடைசி முறை வரும்போது மற்றவர்களெல்லாம் பாய்ச்சிப் பாய்ச்சிக் கால்வாய் ஈரமாக இருக்கும். குடிக்க வேண்டியதைக் குடித்திருக்கும். அது மட்டுமில்லை. சுற்று முடிந்து மதகை அடைத்த பிறகும், மதகிலிருந்து என் மடை வரை அவ்வளவு நீளக் கால்வாயில் தண்ணீர் நிற்குமே, அது எங்கே போகும்? அடுத்து வாங்க ஆள் கிடையாது. பள்ளத்தில் இருப்பது நான். அது பொடிநடையாக என் கழனிக்கு வந்து சேரும். மாசி மாதம் முழுக்க அப்படித்தான் வந்தது. என் பயிர் கருகருவென்று எழுந்தது.

என் கழனிக்கும் கீழே வடிகால் ஓரமாக ஒரு துண்டு நிலம் உண்டு. முன்பு எங்கள் வீடுகளுக்கெல்லாம் நடவுக்கும் அறுப்புக்கும் வந்துகொண்டிருந்த குடும்பம் அதை வாங்கியிருந்தது. கோயில் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை, அதனால் தண்ணீர் வரிசையிலும் இல்லை. அந்த வீட்டுப் பெண் கம்பெனி வேனில் ஏறி நாவலூர்ப் பக்கம் ஆபீஸ் சுத்தம் செய்யப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழனிக்கு வருவாள். இவளுடைய அம்மா என்னை 'அம்மா' என்று கூப்பிடுவாள். இவளுக்கு நான் ஆயா.

"இன்னா ஆயா, கடைசிக்கு வந்துட்டியாமே? வா வா. நாங்க ரொம்ப நாளா இங்கதான் கீறோம்."

வாய்க்கொழுப்பு.

பங்குனி பிறந்தது. ஏரி இறங்கிக்கொண்டே வந்தது. கிணறுகளும் இறங்கின. கிணறு வைத்திருந்தவர்கள் இப்போதுதான் கால்வாய்ப் பக்கம் கண்ணைத் திருப்பினார்கள். திருப்பினால், கோடியில் ஒரு பொம்பளை கழனி மட்டும் பச்சையாக நிற்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தார்கள். பத்து ஆண்பிள்ளைகள் சேர்ந்து யோசித்ததில் கிடைத்த பதில் இதுதான்: கடைசி முறையில் ஏதோ இருக்கிறது.

கூட்டம் போட்டார்கள். என் கொழுந்தன்தான் முதலில் பேசினார்.

"கல்யாணத்துல பாருங்க. வந்தவங்க அல்லாரும் துன்னப்பறம்தான் வூட்டுக்காரன் குந்துவான். அப்ப கடைசில குந்துறவன்தானே பெரியவன்? கடைசி முறை எங்க வூட்டுக்கு வரணும். அண்ணிக்குத் தெரியாம கேட்டுட்டாங்க."

"டேய், கடைசிதான் பெருசுன்னா அது எனக்குடா. ஒனக்குக் கடைசிக்கு முந்துனது" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

மூன்றாவது மாலை எழுந்தது. நான்காவது மாலை எழுந்தது. முதல் இடத்துக்காக அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் கடைசி இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். கொழுந்தன் கழனி இருப்பது கால்வாயின் தலைப்பில். மதகை அடைத்த பிறகு நிற்கிற தண்ணீர் அவரை விட்டுக் கீழேதான் ஓடும், ஏறி வந்து அவர் காலைத் தொடாது. இதை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைக் கடைசியிலிருந்து தூக்கிவிட்டார்கள், அது மட்டும் முடிவானது. வேறு எதுவும் முடிவாகவில்லை. முதல் முறைக்கு ஒருவரும் வரவில்லை, அதனால் மதகைத் திறக்கவில்லை.

நாள் போய்க்கொண்டே இருந்தது. என் கழனியில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். அப்போது ஒரு தண்ணீர் தவறினால், பார்க்க நெல்லாகத்தான் இருக்கும், நசுக்கினால் உள்ளே அரிசி இருக்காது. மண்ணில் விரல் நுழைகிற வெடிப்பு. ஏரியில் மதகு வாய்க்கு மேலே முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அதையும் வெயில் குடித்துக்கொண்டிருந்தது. இவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வீட்டுக்கு வந்தார்.

"அச்சரப்பாக்கத்துல பத்திரம் எழுதறவர பாத்துட்டு வந்தேன் அண்ணி. சித்திர பொறந்தா அவரு பிஸி ஆயிடுவாராம். அதான், இப்பவே சொல்லி வச்சுட்டேன்."

"நெல்லு இன்னும் நின்னுகினுதான் கீது தம்பி. அது படுத்தப்பறம் வா."

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்க லிப்ட்டு கீது, கொயாத் தண்ணி கீது..."

"நீ போய் இரேன்" என்றேன். போய்விட்டார்.

மறுநாள் டீக்கடைக்கே போனேன். நான் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒருவர் பீடியைக் கீழே போட்டார், மரியாதைக்கு அல்ல, அதிர்ச்சியில்.

"மொத முறைய நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

எல்லா முகத்திலும் ஒரு வெளிச்சம். ஒருவருக்கும் வேண்டாததை ஒருத்தி தானாகக் கேட்கிறாள். கால்வாய் அவ்வளவும் காய்ந்து கிடக்கிறது. அதை நனைத்துக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தது.

"சங்கத்துல எழுதினபடியேதானே நடக்கும்?" என்று கேட்டேன்.

"எழுதினது எழுதினதுதாம்மா. அதுல மாத்தமே கெடையாது" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

"அடுத்தவங்க வந்து வாங்குற வரைக்கும்?"

"அடுத்தவங்க வந்து வாங்குற வரைக்கும்."

"ரெண்டாவது யாரு?"

"அத்த நாங்க பேசிக்கறோம் அண்ணி. நீங்க போய் வேலையப் பாருங்க" என்றார் கொழுந்தன்.

இப்படித்தான் நடக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும் என்று சொன்னால் பொய். பாதி தெரியும். தண்ணீரைப் பற்றித் தெரியாது, இவர்களைப் பற்றித் தெரியும்.

காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். நீர்க்கட்டி தயங்கினார். "எம்மா, பொம்பள வந்து மதகண்ட நின்னா..."

"தண்ணிகிட்ட சொல்லு. அதுக்கு வெக்கமா இருந்தா திரும்பிப் போவட்டும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருகைச் சுற்றினார். நாலு சுற்றுக்கு வர வேண்டியது வரவில்லை. இருந்த சுற்றெல்லாம் சுற்றச் சொன்னேன். தண்ணீருக்கு முன்னால் நான் கால்வாயில் இறங்கி நடந்தேன். கண்ணில் பட்ட வளையை எல்லாம் வைக்கோலும் சேறும் வைத்து மிதித்தேன். அன்றைக்குத் தண்ணீர் பாதி வழிதான் வந்தது. பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல ராத்திரிக்கு மதகை அடைத்தார்கள். என் அரை நாள் முடிந்திருந்தது, ஆனால் வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

மறுநாள் காலையும் யாரும் வரவில்லை. நீர்க்கட்டி என்னைப் பார்த்தார். நான் திருகைப் பார்த்தேன். திறந்தார். நனைந்திருந்த கால்வாயில் தண்ணீர் நிற்காமல் வந்து, வெயில் ஏறுகிற நேரத்தில் என் மடைக்குள் நுழைந்தது. வெடிப்புகள் குமிழி விட்டன. வரப்பில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போகவில்லை.

ஊரில் என்ன நடந்தது என்று பிறகு நீர்க்கட்டி சொன்னார். இரண்டாவது யார் என்று பேசியிருக்கிறார்கள். இரண்டாவதாகப் போகிறவனுக்குக் கடைசி போய்விடும். அதனால் நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் தள்ளியிருக்கிறார்கள். ஆறாவது மாலைக்காரர் ஒருவர், கிணறில்லாதவர், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். "டேய், கட்டுப்பாடுன்னு ஒண்ணு கீதுடா" என்று அவரை இழுத்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பயிர் அந்த டீயோடு போனது.

மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. என் கழனி நிறைந்து, வரப்பில் ஒரு எலி வளை வழியாகக் கீழே இருந்த துண்டு நிலத்துக்கு ஒழுகத் தொடங்கியது. வேனுக்குப் போகாத அந்தப் பெண் மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"ஆயா, ஒன் வரப்புல தண்ணி பூந்துகினு கீது. அடைக்கட்டா?"

"என்னுது ரொம்பிடிச்சி. அடச்சா என்னா, அடைக்காட்டி என்னா."

அவள் அடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிசாக வெட்டிவிட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்மத்துக்குச் செய்தேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். மேலே இருக்கிறவர்களுக்கு விடுவதைவிட அது தேவலை என்று பட்டது.

அப்போதுதான் கொழுந்தன் வரப்பில் செருப்போடு வந்தார்.

"அண்ணி! இது இன்னா அக்கிரமம்? மூணு நாளா ஒங்களுக்கே பாஞ்சிகினு கீது. ஒங்க முறை அர நாள்தான்!"

"அது எப்பவோ முடிஞ்சிடிச்சி தம்பி. வாங்கிக்க."

அவர் கையைப் பார்த்தேன். மண்வெட்டி இல்லை.

"நான் வாங்குனா நான் ரெண்டாவது ஆயிடுவேனே!"

"நீ எப்பவும் ரெண்டாவதுதானே தம்பி."

வடிகால் பக்கமிருந்து அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கொழுந்தன் முகம் எலுமிச்சைப் பழம் மாதிரி ஆனது.

"மடைய அடைங்க அண்ணி. சொல்லிட்டேன்."

"வாங்க ஆள் இல்லாம அடச்சா சங்கத்துக்கு அவமானமாச்சே. கை தூக்குனதுல ஒன் கையும் இருந்திச்சே."

அவர் தன் கழனியைத் திரும்பிப் பார்த்தார். அது நரைத்துப் போயிருந்தது. கிணற்றில் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருந்ததாக ஊரில் பேச்சு. அந்த நேரத்தில் 'வாங்கிக்கினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அங்கேயே அடைத்திருப்பேன். அவர் பயிர் பிழைத்திருக்கும். ஒரு வார்த்தை. அவர் வாயைத் திறந்தார், மூடினார், டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அதற்கு மறுநாள் ஏரி மதகு வாய்க்கு இறங்கிவிட்டது. திருகை எவ்வளவு சுற்றியும் சேறுதான் கொப்பளித்தது. அப்போது ஓடி வந்தார்கள் பாருங்கள், பத்துப் பேரும், பத்து மண்வெட்டியோடு, ஒரே நேரத்தில். யார் முதல், யார் கடைசி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சேறு கிடைத்தது. சங்கம் அடுத்த வருஷம் கூடவில்லை. ஒரு பொம்பளை புகுந்து கெடுத்துவிட்டதாக ஊரில் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். வாய்க்கு முறை எதுவும் இல்லையே.

சித்திரையில் அறுத்தேன். நெல் கனமாக இருந்தது. மூட்டைகளைக் கூடத்துச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த அன்று மகன் காரில் வந்தான். கொழுந்தனும் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பத்திரத்துக்கு எழுதி வைத்திருந்த தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மகன் மூட்டைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வேணாம் சித்தப்பா. அம்மா சொன்னது சொன்னதுதான்."

"இல்ல நைனா, அடுத்த வருஷம் மழ..."

"அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு நீங்களும்தானே சரின்னீங்க."

கொழுந்தன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காபி கொடுத்தேன், குடித்தார். என் மகன் ஒரு மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு நாவலூருக்குக் கிளம்பினான். கார் திரும்பின பிறகும் கொழுந்தன் போகாமல் நின்றார்.

"அண்ணி, மாட்டுக்கு வைக்கோல் இல்ல. இந்த வருஷம் அறுக்கவே இல்லியே, ஒங்களுக்குத்தான் தெரியுமே. ரெண்டு கட்டு..."

"ஆள அனுப்பு."

ஆளை அனுப்பவில்லை. ஆளை அனுப்பினால் ஆள் ஊரெல்லாம் சொல்லுவான். அவரே வந்தார், பொழுது மங்குகிற நேரமாகப் பார்த்து, பின்வாசல் வழியாக. இரண்டாவது மாலை வாங்குகிற கழுத்தின் மேல் வைக்கோல் கட்டை ஏற்றிக்கொண்டு, சந்தில் நடந்து தெருமுனைக்கு வந்ததும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். என்னையும் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்பது போலத் தெருவில் இறங்கினார்.

நான் வாசல் விளக்கைப் போட்டேன்.